‘அரியர்’ எழுந்து நின்னுச்சு!

காலையில ஆறு மணிக்கு போன் வந்தா ரெண்டே ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, ஊர்ல யாருக்கோ உடம்பு சரியில்லை. இல்லேன்னா ராங் நம்பர். அன்னிக்கு வந்தது மூணாவது வகை.

“அக்கா... ‘அரியர்’ எந்திரிக்கவே மாட்டேங்குதுக்கா!”

பேசியது என் சித்தப்பா பையன். கோவைப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ்ல மூணாம் வருஷம். அவனுக்கு அரியர் இருக்கிற விஷயம் குடும்பத்துக்கே தெரியும். அது ரெண்டு செமஸ்டரா எந்திரிக்காம படுத்துக் கிடக்கிறதும் தெரியும். ‘இதைச் சொல்லவாடா இந்நேரத்துக்கு எழுப்பின?’ன்னு கேட்க வாயெடுத்தேன்.

“பேப்பர் இல்லக்கா, கோழிக்குஞ்சு!” என்றான். குரல் உடைஞ்சிருந்தது.

கதை இதுதான் ஃப்ரெண்ட்ஸ். நம்மாளும் அவன் ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் சேர்ந்து மினி புராஜெக்ட்டுக்கு இன்குபேட்டர் செஞ்சிருக்காங்க. தெர்மோகோல் பெட்டி, ரெண்டு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டர்ல கழட்டின ஃபேன், சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு சென்சார். சந்தையில வாங்கின 12 நாட்டுக்கோழி முட்டை. ஏழாம் நாள் செல்போன் டார்ச் வெளிச்சத்துல பார்த்து ரெண்டைக் ‘கூமுட்டை’ன்னு ஒதுக்கிட்டாங்க. மிச்சம் பத்து.

கோழி முட்டைக்கு 21 நாள் கணக்கு. பெட்டிக்குள்ள 37.5 டிகிரி செல்சியஸ் சூடு சீரா இருக்கணும். 18-ம் நாள் வரைக்கும் முட்டையை தினமும் பலமுறை புரட்டிப் போடணும். கடைசி மூணு நாள் புரட்டக் கூடாது, ஈரப்பதத்தைக் கூட்டணும். இவங்களும் ஷிஃப்ட் போட்டுக்கிட்டு ஒழுங்காத்தான் பார்த்திருக்காங்க. நடுவுல கரன்ட்தான் சதி பண்ணிடுச்சு. ஒருநாள் ராத்திரி ரெண்டு மணி நேரம், இன்னொரு நாள் மூணு மணி நேரம். சூடு குறைஞ்சா பொரிக்கிறது தள்ளிப்போகும். ஐந்து குஞ்சு 21-ம் நாள் வந்தது. ரெண்டு 22-ம் நாள். மூணு வரவே இல்லை. கடைசியா, ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாரும் கைவிட்டப்புறம் ஓட்டை உடைச்சிக்கிட்டு வந்த ஆளுக்குத்தான் ‘அரியர்’னு பேர். லேட்டா பாஸானவன் இல்லையா!

ஆனா விடிஞ்சு பார்த்தா, அரியர் நிக்கலை. வீடியோ கால்ல காட்டச் சொன்னேன். ஜிம்னாஸ்டிக்ஸ்ல காலை ரெண்டு பக்கமும் நீட்டி தரையோட தரையா உட்காருவாங்களே, அப்படிக் கிடந்தது. எந்திரிக்கப் பார்க்குது, கால் ரெண்டும் ஆளுக்கொரு திசையில வழுக்குது, நெஞ்சு தரையில மோதுது. மறுபடி முயற்சி. மறுபடி வழுக்கல். கூட இருந்த குஞ்சுங்க அதும்மேல ஏறி மிதிச்சிக்கிட்டு ஓடுதுங்க.

எனக்கு அதைப் பார்த்ததும் வயித்தைப் பிசைஞ்சது. காரணம் இருக்கு.

நான் ஆறாங்கிளாஸ் படிக்கும்போது அப்பத்தா வீட்டுல இதே மாதிரி ஒரு குஞ்சு. தாய்க்கோழி ஒரு நாள், ரெண்டு நாள்தான் கூட்டுல இருக்கும். அப்புறம் நடக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மேயக் கிளம்பிடும். ‘கோழி மிதிச்சு குஞ்சு சாகாது’ன்னு சொல்வாங்க. நிஜம்தான். ஆனா, பின்னாடியே நடந்து வர முடியாத குஞ்சுக்காக கோழி காத்துக்கிட்டும் இருக்காது. “அது தேறாது ஆத்தா, விட்டுரு”ன்னு அப்பத்தா சொன்னாங்க. நான் விடலை. ஒரு செருப்பு டப்பாவை எடுத்தேன், அடியில வழவழன்னு நியூஸ் பேப்பரை அழகா மடிச்சு விரிச்சேன், குஞ்சை அதுல வச்சு நாலு நாள் பொத்திப் பொத்திப் பார்த்தேன். அஞ்சாம் நாள் போயிடுச்சு.

அந்தப் பேப்பர்தான் அதுக்கு எமன்னு எனக்குத் தெரிய பல வருஷம் ஆச்சு.

“டேய், பெட்டிக்கு அடியில என்ன விரிச்சிருக்க?”

“ஆங்கில பேப்பர்க்கா!”

என்னவோ ஆங்கிலப் பேப்பர்னா வழுக்காதுங்கிற மாதிரி!

இங்கதான் விஷயமே இருக்கு, கவனிங்க. பிறந்த குஞ்சோட எலும்பும் தசைநாரும் ரொம்ப இளசு. முதல் ரெண்டு, மூணு நாள்ல கால் எந்தப் பக்கம் போகுதோ அப்படியே இறுகிடும். வழுக்குற தரையில விட்டா நல்ல காலே கூட விரிஞ்சுபோகும். முட்டைக்குள்ள சூடு, ஈரம் சரியா அமையாத குஞ்சுன்னா கேட்கவே வேணாம். ஆனா, அதே இளசான கால்தான் நமக்குக் கிடைக்கிற சான்ஸும். அதே ரெண்டு, மூணு நாளுக்குள்ள பிடிச்சு நிறுத்திட்டா, பெரும்பாலும் சரியாகிடும். ஒரு வாரம் தள்ளிப் போட்டா கஷ்டம். ‘எக்ஸாமுக்கு முந்தின நாள் பார்த்துக்கலாம்’கிற நம்ம பாலிசி இங்க செல்லாது.

மருந்துக் கடையில விக்கிற சாதாரண பேண்ட்-எய்டு ஒண்ணு எடுக்கச் சொன்னேன். நீளவாக்குல ரெண்டா வெட்டணும். ஒரு பாதி போதும். நடுவுல பஞ்சு மாதிரி ஒரு பட்டை இருக்கு பாருங்க, அது ரெண்டு காலுக்கும் நடுவுல வரணும். ஒட்டுற முனை ரெண்டும் பாதத்துக்கு மேல, ஆளுக்கொரு காலைச் சுத்தி ஒட்டணும். பார்க்க ஒரு குட்டி விலங்கு மாட்டின மாதிரி இருக்கும். நல்லா நிக்கிற குஞ்சோட காலுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கோ, அவ்வளவுதான் இதுக்கும் விடணும். சுமாரா ஒரு இஞ்ச். ரொம்ப நெருக்கிக் கட்டினா பேலன்ஸ் கிடைக்காம விழும். இறுக்கி ஒட்டினா ரத்தம் ஓடாது. அதனால மணிக்கொரு தரம் விரலைப் பார்க்கணும். வீங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே கழட்டிடணும். கழட்டும்போது பிய்க்காதீங்க, அந்தத் தோல் காகிதம் மாதிரி. ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டா தானா நெகிழ்ந்து வரும். குஞ்சு தினமும் வளருது, அதனால கட்டையும் தினமும் மாத்தணும்.

பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டு பழைய துண்டு விரிக்கச் சொன்னேன். நூல் பிரியாத துண்டா பார்த்து விரிங்க, விரல் சிக்கிக்கும். துண்டோ, சுத்தமான சாக்கோ, நகம் பிடிச்சு நிக்க ஏதாவது ஒண்ணு வேணும். வைக்கோல்லயும் மண்ணுலயும் பிறக்கிற ஊர்க் குஞ்சுகளுக்கு இந்தப் பிரச்னை அவ்வளவா வராததுக்கு இதுதான் காரணம்.

கட்டுப் போட்டதும் அரியர் எந்திரிச்சு ஓடிச்சுன்னு நினைச்சீங்களா? குப்புற விழுந்துச்சு. மறுபடி, மறுபடி. “அக்கா, முன்னாடியை விட மோசமா இருக்கு!”ன்னு இவன் அலற, “பொறுடா”ன்னு நான் அலற... ஒரு அரை நாள் அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்துல நீங்கதான் ஃபிசியோதெரபிஸ்ட். உள்ளங்கையால வயித்தைத் தாங்கி, பாதம் ரெண்டும் தரையில படுற மாதிரி நிறுத்திப் பிடிக்கணும். ஒரு தடவைக்கு ரெண்டு மூணு நிமிஷம், ஒருநாளைக்கு ஏழெட்டுத் தடவை. ஓய்வு நேரத்துல ஒரு காபி டம்ளர்ல துணியைத் திணிச்சு, அதுக்குள்ள குஞ்சை உட்கார வச்சா கால் தானா உடம்புக்கு அடியில வந்து நிக்கும். ஹாஸ்டல் மெஸ் டம்ளர் ஒண்ணு அன்னிக்குக் காணாமப் போனதுக்குக் காரணம் இதுதான். மெஸ் மேனேஜர் மன்னிக்கணும்.

தண்ணி விஷயத்துல உஷார். நிக்க முடியாத குஞ்சு பாட்டில் மூடியில இருக்கிற தண்ணியில கூட மூழ்கிச் செத்துடும். மூடியில கூழாங்கல்லை நிரப்பி, இடுக்குல மட்டும் தண்ணி நிக்கிற மாதிரி வைங்க. முதல் தடவை அலகு நுனியை லேசா நனைச்சுக் காட்டினா போதும், கத்துக்கும். ஃபில்லர்ல வாய்க்குள்ள பீய்ச்சாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும்.

ரெண்டாவது பேஷன்ட், முதல் அஞ்சுல ஒண்ணு. அதுக்கு வலது கால் விரல் எல்லாம் மடங்கி, கை முஷ்டி மாதிரி இருந்தது. இது கொஞ்சம் ஈஸி. விரல்களை நீவி நேராக்கி, அட்டைத் துண்டுல வச்சு, டேப்பால ஒட்டி ஒரு ‘செருப்பு’ போட்டுவிடணும். ஒண்ணு ரெண்டு நாள்ல நிமிர்ந்துடும். முட்டையிட்ட கோழிக்கு ரிபோஃபிளேவின்ங்கிற பி2 வைட்டமின் போதாம இருந்தாலும் விரல் இப்படி மடங்கலாம். அப்ப செருப்பு மட்டும் போதாது, வைட்டமினும் வேணும். அரசு கால்நடை மருத்துவமனையில காட்டச் சொன்னேன். போனாங்க. மூணு தடித் தடிப் பசங்க ஒரு ஷூ டப்பாவைத் தூக்கிக்கிட்டு, மாட்டுக்காரங்களும் ஆட்டுக்காரங்களும் நிக்கிற வரிசையில நின்னிருக்காங்க. ஊரே சிரிச்சிருக்கு. டாக்டர் மட்டும் சிரிக்கலை. கட்டைப் பார்த்துட்டு “யாரு போட்டது?”ன்னு கேட்டு, பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கார்.

மூணாவது குஞ்சைப் பத்தி இவன் எங்கிட்ட முதல்ல சொல்லவே இல்லை. டாக்டர்கிட்ட காட்டினப்புறம்தான் சொன்னான்.

22-ம் நாள் வந்த ரெண்டுல இன்னொண்ணு அது. ஓட்டுல மூக்கு நுழையற அளவுக்கு ஓட்டை போட்டுட்டு மணிக்கணக்கா அப்படியே இருந்திருக்கு. ‘பாவம், திணறுதே’ன்னு ரூம்மேட் பையன் ஒருத்தன் நகத்தால ஓட்டைப் பிரிச்சு வெளியில எடுத்துட்டான். ரத்தம் வந்திருக்கு. வயித்துல மஞ்சள் கரு இன்னும் உள்ள போகாம வெளியில தொங்கியிருக்கு.

இது நிறையப் பேர் பண்ற தப்பு. முதல் ஓட்டை விழுந்ததுல இருந்து முழுசா வெளிய வர ஒரு நாள் கூட ஆகலாம். அந்த நேரத்துல குஞ்சு சும்மா இல்லை. ஓட்டோட ஒட்டியிருக்கிற ஜவ்வுல ஓடுற ரத்தத்தை உடம்புக்குள்ள இழுத்துக்கும், மிச்சம் இருக்கிற மஞ்சள் கருவை வயித்துக்குள்ள வாங்கிக்கும். அந்த மஞ்சள் கருதான் கட்டுச்சோறு. அதை வச்சுத்தான் பிறந்த குஞ்சு ரெண்டு நாள் தீவனம் இல்லாமலேயே தாக்குப் பிடிக்கும். நாமக்கல்ல இருந்து அட்டைப் பெட்டியில அடைச்சு ஊர் ஊரா அனுப்ப முடியறதும் அதனாலதான். அந்த வேலை முடியறதுக்குள்ள நாம ‘உதவி’ பண்ணினா இப்படித்தான்.

டாக்டர் பொவிடோன் அயோடின் தடவி, ஈரத்துணியில பொத்தி வைக்கச் சொல்லிட்டு, “பிழைக்கிறது கஷ்டம் தம்பி. ரொம்பத் துடிச்சா தூக்கிட்டு வாங்க, வலி இல்லாம முடிச்சு வைக்கலாம்”னு சொல்லியிருக்கார். கொண்டுபோக வேண்டிய அவசியம் வரலை. அன்னிக்குச் சாயங்காலமே போயிடுச்சு. ஓட்டைப் பிரிச்ச பையன் ராத்திரி மெஸ்ஸுக்குப் போகலை. எனக்கு போன் போட்டு, “அக்கா, நான்தானே கொன்னேன்?”னு கேட்டான். ‘இல்லப்பா, அதெல்லாம் இல்லை’ன்னு சொல்றதுதான் வழக்கம். எனக்கு அப்படிச் சொல்ல வரலை. செருப்பு டப்பா கதையைச் சொன்னேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம போனைப் பிடிச்சிக்கிட்டு இருந்தோம்.

எல்லாக் குஞ்சையும் காப்பாத்த முடியாதுங்க. எலும்பு மூட்டுல இருந்து தசைநார் விலகிப் போனது, அலகு கத்தரிக்கோல் மாதிரி ஒண்ணையொண்ணு தாண்டி வளர்றது, இதெல்லாம் பேண்ட்-எய்டுக்கு அடங்காது. அலகு கோணல்னா அதுக்கேத்த மாதிரி வாழ வைக்கலாம். தீவனத்தைத் தண்ணியில குழைச்சு ஆழமான கிண்ணத்துல வச்சா, கரண்டியில அள்ளுற மாதிரி அள்ளித் தின்னும். சாப்பிட முடியுதா, தண்ணி குடிக்க முடியுதா, வலியில கத்திக்கிட்டே இருக்கா... இதை மட்டும் பாருங்க. ‘என் மனசு கேக்கலை’ங்கிறதுக்காக ஒரு உயிரை வலியிலேயே வச்சிருக்கிறதுக்குப் பேர் பாசம் இல்லை. அந்த முடிவையும் நீங்களே கையால எடுக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

மூணாவது நாள் சனிக்கிழமை. மனசு கேக்காம நானே பஸ் ஏறிட்டேன். பெட்டியைப் பார்த்தா குஞ்சுங்க எல்லாம் ஒரு மூலையில குவிஞ்சு கீச்சு கீச்சுன்னு கத்துது. குவிஞ்சா குளிருதுன்னு அர்த்தம். வாயைத் திறந்துக்கிட்டு விலகி விலகி நின்னா சூடு ஜாஸ்தி. முதல் வாரம் 35 டிகிரி வேணும், அப்புறம் வாரா வாரம் மூணு டிகிரி குறைக்கலாம். “பல்பு போட்டுத்தான்க்கா இருக்கோம்”னு காட்டினான். எரியுது, நல்லா வெளிச்சமா. அதைக் கண்டுபிடிச்சது நான் இல்லை, அந்த நேரம் பார்த்து உள்ள வந்த வார்டன். மூணு பேருக்கும் முகத்துல ரத்தம் இல்லை. அவர் பெட்டியைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். “எல்.இ.டி. பல்புல ஏதுடா சூடு? குண்டு பல்பு வாங்கிட்டு வாங்க. திங்கட்கிழமை பெட்டி இங்க இருக்கக் கூடாது”ன்னுட்டுப் போயிட்டார். இன்ஜினீயரிங் படிக்கிற மூணு பேருக்கு இது தோணலை பாருங்க!

அடுத்த அதிர்ச்சி, தீவனம். மெஸ் சோறு! வெள்ளை வெளேர்னு பிசைஞ்சு வச்சிருந்தாங்க.

இந்த இடத்துல ஒரு கதை சொல்லியே ஆகணும். 1890-கள்ல ஜாவா தீவுல, இன்னிக்கு ஜகார்த்தான்னு சொல்ற படேவியாவுல, கிறிஸ்டியான் ஐக்மன்னு ஒரு டச்சு டாக்டர். காலை முடக்குற பெரிபெரி நோய்க்கு என்ன கிருமி காரணம்னு தேடிக்கிட்டிருந்தார். திடீர்னு அவர் வளர்த்த கோழிகளே கால் தள்ளாடி விழ ஆரம்பிச்சது. கொஞ்ச நாள்ல தானாவே சரியாச்சு. மண்டையைப் பிச்சிக்கிட்டு விசாரிச்சா, ராணுவ ஆஸ்பத்திரி சமையல்கட்டுல மிஞ்சின பட்டை தீட்டின வெள்ளைச் சோறைத்தான் கோழிக்குப் போட்டிருக்காங்க. புதுசா வந்த சமையல்காரர், ‘ராணுவத்துச் சோறு சிவிலியன் கோழிக்குக் கிடையாது’ன்னுட்டார். தவிடு நீக்காத அரிசிக்கு மாறினதும் கோழிகள் எழுந்து நின்னுடுச்சு! ஐக்மன் முதல்ல அரிசியில ஏதோ விஷம் இருக்கு, தவிடு அதை முறிக்குதுன்னுதான் நினைச்சார். அவருக்கு அப்புறம் வந்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901-ல, தவிட்டுல இருக்கிற ஏதோ ஒண்ணு இல்லாததுதான் நோய்னு சொன்னார். அந்த ‘ஏதோ ஒண்ணு’தான் தயமின், பி1 வைட்டமின். 1929-ல ஐக்மனுக்கு நோபல் பரிசு. நொண்டிக் கோழிக்கு நன்றி!

வெறும் வெள்ளைச் சோறோ குருணையோ மட்டும் போட்டு வளர்த்தா, குஞ்சுக்கு இதே குறை வரும். தலை முதுகுப் பக்கமா வளைஞ்சு, வானத்துல நட்சத்திரம் எண்ணுற மாதிரி உட்கார்ந்திருக்கும். சீக்கிரம் கவனிச்சு பி1 கொடுத்தா ஆச்சரியமா மீளும். ஆனா, கழுத்து திருகினதெல்லாம் வைட்டமின் குறைன்னு நினைச்சிடாதீங்க. வெள்ளைக்கழிச்சல்னு ஊர்ல சொல்ற ராணிக்கெட் நோய்லயும் கழுத்து திருகும், அது பக்கத்துக் கோழிக்கெல்லாம் பரவும். அதுக்கு ஏழாம் நாள்லேயே சொட்டு மருந்துத் தடுப்பூசி இருக்கு. சோறைத் தூக்கிப் போட்டுட்டு, கடையில விக்கிற குஞ்சுத் தீவனம் வாங்க வச்சேன்.

இதைப் படிச்சிட்டு யாராச்சும் திருவிழாவுல பச்சை, பிங்க் கலர் அடிச்சு விக்கிற குஞ்சை ‘காப்பாத்தப் போறேன்’னு வாங்கிட்டு வந்துடாதீங்க ப்ளீஸ். அதெல்லாம் பெரும்பாலும் முட்டைக்கோழி ரகத்துச் சேவல் குஞ்சுங்க. முட்டையும் போடாது, சீக்கிரம் கறியும் வைக்காது. அதனால பொரிப்பகத்துக்கு வேண்டாதது. அப்படிப் பிறந்த அன்னிக்கே கொல்றதை ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் சட்டம் போட்டு நிறுத்தியிருக்கு. நீங்க ஒண்ணு வாங்கினா, கடைக்காரர் அடுத்த வாரம் ரெண்டு பெட்டி சேர்த்து எடுத்துட்டு வருவார், அவ்வளவுதான்.

சரி, அரியர்?

அன்னிக்கு மத்தியானம் எண்ணெய் தடவிக் கட்டைக் கழட்டினேன். துண்டு மேல வச்சேன். ரூம்ல மூச்சுச் சத்தம் இல்லை. ரிசல்ட் அன்னிக்குக் கூட இவங்க இப்படி உட்கார்ந்திருக்க மாட்டாங்க. கால் லேசா அகன்றது. போச்சுன்னு நினைச்சேன். நகத்தால துண்டைப் பிடிச்சது. ஆடிச்சு. நின்னுச்சு. நாலு அடி நடந்து, தீவனக் கிண்ணத்துல தலையை விட்டு, பக்கத்துல இருந்ததை ஒரு கொத்து கொத்திச்சு பாருங்க... “அரியர் க்ளியர்!”னு கத்தின கத்துல பக்கத்து ரூம்காரன் ‘எப்படா ரிசல்ட் வந்துச்சு?’ன்னு ஓடி வந்தான். ராத்திரி மறுபடி கட்டுப் போட்டு, இன்னும் ரெண்டு நாள் வச்சிருந்து எடுத்தோம். இன்னொண்ணுக்குச் செருப்பு அன்னிக்கே கழண்டது. நடுவிரல் மட்டும் இன்னும் கொஞ்சம் சாய்வு.

வார்டன் கெடு விதிச்சபடி, ஞாயித்துக்கிழமை ஆறு குஞ்சையும் தூக்கிக்கிட்டு பஸ்ல அப்பத்தா வீட்டுக்கு வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்கலை. காலுக்கு என்ன கட்டுன்னுதான் கேட்டார். அப்பத்தா பஞ்சாரத்துக்கு அடியில விட்டுட்டு, அரியரைத் தூக்கி, ரெண்டு காலையும் திருப்பித் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாங்க.

“அன்னிக்கே இந்தப் பிளாஸ்திரி இருந்துச்சேடி நம்ம வீட்ல”ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

இது நடந்து ஆறு மாசம் ஆச்சு. அரியர் இப்ப நல்ல சேவல். இடது கால் மட்டும் லேசா வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், உத்துப் பார்த்தாத்தான் தெரியும். விடியக்காலை நாலு மணிக்கே கூவி ஊரை எழுப்புது. மொத்தத்துல நல்ல எடை. அதுதான் இப்ப சிக்கல். போன வாரம் அப்பத்தா, “தீபாவளிக்கு மாப்பிள்ளை வர்றாரு, இதுவும் பருவமாத்தான் இருக்கு”ன்னு பேச்சுவாக்குல ஒரு வார்த்தை விட்டாங்க. தம்பிக்கு விஷயம் போய், “அப்பத்தாகிட்ட சொல்லுக்கா, நான் காசு தர்றேன், கடையில பிராய்லர் வாங்கிக்கச் சொல்லுக்கா!”ன்னு தினமும் போன் பண்றான். 

சொல்லியிருக்கேன். அப்பத்தா இன்னும் பதில் சொல்லலை.